அறிவியல் நோட்டில் பிள்ளை தப்பாக எழுதினால் திருத்தலாமா, விடலாமா?

கரும்பலகை:
நான்காம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்த வருடம் கேள்வி-பதில் நோட்டோடு தனியாக ஒரு குறிப்பேடும் வைத்தேன். சோதனைக்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறார்கள், அப்புறம் கண்ணால் என்ன பார்த்தார்கள் என்று தேதி போட்டுப் படம், அளவோடு எழுத வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது, நானும் சிவப்பு மை வைக்க மாட்டேன். "தப்பை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிவப்புமை:
அவர்கள் கேட்பது நியாயம்தான். தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளை அந்த நோட்டையும்தான் புரட்டும். தன் கையால் எழுதியதைத்தான் நம்பும். அது போக, 40 நிமிட வகுப்பில் பொருட்களை எடுத்து வைக்கவே 10 நிமிடம் ஆகிவிடும். எழுத 15 நிமிடம் கொடுத்தால் பேச எங்கே நேரம்?

கரும்பலகை:
போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஐஸ் கட்டிகள், ஒன்றைக் கம்பளியில் சுற்றினோம், மற்றது சும்மா தட்டில். எது முதலில் உருகும்? ஏறக்குறைய எல்லோருமே கம்பளிக்குள் இருப்பதுதான் என்று எழுதினார்கள். காரணம், "கம்பளி சூடு தரும்". தட்டில் இருந்தது தண்ணீராகிவிட்டது, கம்பளிக்குள் பாதிக் கட்டி அப்படியே இருந்தது. வாயால் மட்டும் கேட்டிருந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று பாதிப் பேர் கட்சி மாறியிருப்பார்கள். எழுதி வைத்ததால் மாற முடியவில்லை!

மொட்டைப்பென்சில்:
கலிலியோ 1610 ஜனவரி 7 இரவு வியாழன் பக்கத்தில் மூன்று புள்ளிகளைப் பார்த்து, ஏதோ விண்மீன்கள் என்றுதான் குறித்து வைத்தார். மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்குப் பக்கம் இருந்தன. 13ஆம் தேதி நான்காவதும் தெரிந்தது. அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று புரிந்ததே முதல் நாள் குறிப்பு கையில் இருந்ததால்தான்.

சிவப்புமை:
கலிலியோவுக்கு அப்போது 45 வயது சார். என் வகுப்பில் இருப்பது எட்டு வயது. ஒரு பையன் இருக்கிறான். எறும்பு வரிசை பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவான். நோட்டைக் கொடுத்தால் இரண்டு வரி, அதிலும் நாலு எழுத்துப்பிழை. நோட்டை வைத்து அவனை எடைபோட்டால் அவனுக்கு அறிவியல் வராது என்று ஆகிவிடும். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இந்த நோட்டு நல்லது.

மொட்டைப்பென்சில்:
அவன் வரையட்டுமே, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் போதாதா?

சிவப்புமை:
வரைவதிலும் சிக்கல் இருக்கிறது. அவரை விதை முளைத்தால் முதலில் வருவது வேர்தான். மூன்றாம் நாள் படத்தைப் பாருங்கள், இரண்டு இலை, ஒரு பூ, மேலே சிரிக்கிற சூரியன். பிள்ளை பார்த்ததை வரைவதில்லை, தெரிந்ததை வரைகிறது.

கரும்பலகை:
அது உண்மை, என் வகுப்பிலும் சூரியன் சிரிக்காத பக்கம் இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நூலால் வேரை அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி நோட்டில் ஒட்டச் சொன்னேன். தினம் ஒரு நூல். எழுத வராத பிள்ளையும் ஒட்டும், நூலில் சூரியனும் வராது. எழுத்துப்பிழையை நான் பார்ப்பதே இல்லை, அந்தப் பையன் என் வகுப்பில் இருந்தால் தப்பித்துவிடுவான்.

சிவப்புமை:
நூல் நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஐஸுக்கு வாருங்கள். அந்தப் பக்கத்தில் கடைசி வரி என்ன?

கரும்பலகை:
சிலர் வெறும் "உருகவில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் "கம்பளி குளிரைப் பிடித்து வைக்கும்" என்று எழுதியிருக்கிறாள்.

சிவப்புமை:
இதைத்தான் சொன்னேன்! வெளிச்சூடு உள்ளே போவதைக் கம்பளி தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். முதலில் சூடு தந்த கம்பளி இப்போது குளிரைப் பிடிக்கிறது. ஒரு தப்பு போய் இன்னொன்று வந்திருக்கிறது, நீங்களும் கை வைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

கரும்பலகை:
நாளைக்கு ஐஸ் இல்லாமல் வெறும் தெர்மாமீட்டரைக் கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் வைக்கப் போகிறோம், பக்கத்தில் சுற்றாத ஒன்று. அவளும் முதலில் தன் கணிப்பை எழுதுவாள்.

சிவப்புமை:
சரி, இரண்டும் ஒரே அளவு காட்டியதும் அவள் என்ன எழுதினாள் என்று இங்கே போடுங்கள். அதற்கு அப்புறமும் அந்த வரி அப்படியே நின்றால் என் பேனாவை அனுப்பி வைக்கிறேன்.