ஆம்னியை டிராக்கில் ஓட்டலாமா? இன்ஜின் மாற்றும் முன் ஒரு யோசனை கேட்டேன்

ஆம்னி_அன்பு (திருப்பூர்):
வணக்கம் மக்களே. வீட்டில் 2009 ஆம்னி ஒன்று சும்மா நிற்கிறது. எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்), ஐந்து சீட்டு. அப்பா பனியன் கம்பெனி வேலைக்கு வைத்திருந்த வண்டி, இப்போது அந்த வேலையை டாடா ஏஸ் பார்க்கிறது. விற்றால் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் தேறாது. அதனால் டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள்) வண்டியாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே டிராக் எனக்குப் பக்கம். ரேஸ் எல்லாம் இல்லை, டிராக் டே நடக்கும்போது போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

திட்டம் இது: ஜிப்சியின் 1.3 இன்ஜின், 13 இன்ச் அலாய் வீல், செமி ஸ்லிக் டயர் (டிராக்குக்கான, பிடிப்பு அதிகமான டயர்), பின்னால் இருப்பதையெல்லாம் கழற்றி எடை குறைப்பு. பின்சக்கர இழுவை, 800 கிலோகூட வராத எடை. இந்த விலைக்கு ரியர் வீல் டிரைவ் வேறு எதில் கிடைக்கும்? சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு யோசனையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிட்லேன்_பரணி (சென்னை):
அன்பு, வேண்டாம். ஆம்னியில் ஓட்டுநர் உட்காருவது முன்சக்கரத்துக்கு மேலே. முழங்காலுக்கும் எதிரே வரும், டிராக் ஓரத்தில் டயரை அடுக்கிய தடுப்புச் சுவருக்கும் நடுவில் இருப்பது ஒரு தகடு, ஒரு ஹெட்லைட். மோதல் சோதனை விதிகளுக்கு இந்த வண்டியைத் தேற்ற முடியாது என்றுதான் 2019-ல் மாருதி உற்பத்தியையே நிறுத்தியது. அதற்கப்புறம் வந்த மாருதி ஈகோ வேனே 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ஜியம் ஸ்டார்.

அந்தக் காசுக்கு ஒரு பழைய மாருதி ஜென் கார் வாங்குங்கள். 993 சிசி, ஆம்னியைவிடக் கூரை 20 செமீக்கு மேல் தாழ்வு. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஜென் ஓட்டிக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஈகோ_சிவா (மதுரை):
வந்துட்டாருய்யா ஜென் குரு. பரணி அண்ணே, எந்தத் திரியைத் திறந்தாலும் ஜென்னா? வேன் என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்? ஃபோர்டு 1971-லேயே தன் டிரான்சிட் வேன் உடம்புக்குள் ஜிடி40 ரேஸ் காரின் பாகங்களை வைத்து சூப்பர்வேன் கட்டியது. ரெனோ எஸ்பாஸ் வேனுக்குள் எஃப்1 இன்ஜினை வைத்தார்கள். மறைந்த ஜெர்மன் ரேஸ் ஓட்டுநர் சபீன் ஷ்மிட்ஸ் டீசல் டிரான்சிட்டை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 10 நிமிடம் 8 விநாடியில் சுற்றினார். அது சரக்கு வேன்தானே? அன்பு, நீங்கள் போடுங்க, நான் வந்து படம் எடுக்கிறேன்.

பிட்லேன்_பரணி:
சிவா, சூப்பர்வேன் உள்ளே ரேஸ் கார், வெளியே வேன் மாதிரி ஒரு போர்வை. அதை ஆம்னிக்கு உதாரணம் காட்டுவது நியாயமில்லை. சபீன் நூர்பர்க்ரிங்கில் ஆயிரக்கணக்கான சுற்று போட்டவர். அன்பு இனிமேல்தான் முதல் சுற்றே போடப் போகிறார்.

ஆம்னி_அன்பு:
பரணி அண்ணே, ஜென் நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அது முன்சக்கர இழுவை, எனக்கு அந்த ஆசை இல்லை. அப்புறம் இன்னொன்று. கரிவர்தன் ஐயா ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட்டு ரேஸ் காரைக் கட்டியது எந்த இன்ஜினில்? மாருதி 800-இன் அதே 796 சிசியில். நாராயண் கார்த்திகேயன் ஆரம்பித்ததும் அந்த வண்டியில்தான். கரிவர்தன் ஐயா பெயரில் இருக்கும் கரி ஸ்பீட்வேக்கு ஆம்னி வரக்கூடாதா?

கணக்கு_வாத்தியார் (சேலம்):
அன்பு தம்பி, ஃபார்முலா மாருதியில் இன்ஜின்தான் 800. ஓட்டுபவர் தரையோடு தரையாகப் படுத்திருப்பார். நீங்கள் இன்ஜின் மேலேயே உட்காருகிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பவரை விடுங்கள், முதலில் வண்டி கவிழுமா என்று ஒரு கணக்குப் போடலாம்.

இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுங்கள். அதை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுங்கள். ஆம்னியில் அந்த அகலம் 1.2 மீட்டர், பாதி 60 செமீ. ஈர்ப்பு மையமும் 60 செமீ உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் விடை 1. நல்ல தார்த்தளத்தில் சாதா டயரின் பிடிப்பு 0.8, 0.9 அளவில் இருக்கும். அதாவது வளைவில் வேகம் அதிகமானால், கவிழ்வதற்கு முன்பே டயர் பிடிப்பை இழந்து வண்டி வழுக்கும். வழுக்கினால் பயமாக இருக்கும், ஆனால் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். செமி ஸ்லிக் போட்டால் பிடிப்பு 1-ஐத் தாண்டலாம். அப்போது டயர் விடாது, வண்டிதான் எழும். உங்கள் பட்டியலில் ஆபத்தானது ஜிப்சி இன்ஜின் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அந்த டயர்தான் பயம்.

ஈகோ_சிவா:
சார், அப்போ நல்ல டயர் போட்டால் ஆபத்து, மட்டமான டயர் போட்டால் பாதுகாப்பா? கடைக்காரன் கேட்டால் அழுதுவிடுவான்.

கணக்கு_வாத்தியார்:
உயரமான குறுகலான வண்டிக்கு அப்படித்தான் சிவா. ஆம்னிக்கு வரும் 145 ஆர்12 எல்டி டயர் சரக்குக்காகச் செய்தது, பக்கவாட்டுச் சுவர் கெட்டி, பிடிப்பு குறைவு. இந்த வேலைக்கு அதுவே போதும்.

லோகு_பட்டறை (கோவை):
வாத்தியார் சார் சொன்னது சரிங்க. நான் பட்டறைக்காரன், கணக்கு அவ்வளவு வராது, கண்ணில் பட்டதைச் சொல்றேன். டிராக்கில் கவிழ்கிற வண்டி பெரும்பாலும் தார் மேலேயே கவிழாதுங்க. பக்கவாட்டில் வழுக்கிப் போய் மண்ணில் சக்கரம் புதையும், இல்லைன்னா டிராக் ஓரக் கெர்ப் கட்டையில் தட்டும், அப்பத்தான் பல்டி. அதனால டயர் மட்டமா இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆம்னியோடு கெர்ப் மேல ஏறி வளைவைச் சுருக்குற வேலையே கூடாதுங்க.

அப்புறம் எடை குறைப்பு. அன்பு அண்ணா பின்னால் இருப்பதைக் கழற்றணும்னு சொல்றீங்க. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், நீங்க அதுக்கு மேல, ரேடியேட்டர் அதுக்கும் முன்னால. பின்னால் இருக்கிறதையும் எடுத்துட்டா பின்சக்கரத்தில் என்னங்க பாரம் இருக்கும்? பிரேக் மிதிச்சதும் இருக்கிற கொஞ்சமும் முன்னால போயிடும். பின் டிரம் முதலில் லாக் ஆகும். சக்கர இடைவெளி 1.84 மீட்டர்தான், திரும்புச்சுன்னா பம்பரம் மாதிரி சுத்திடும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க நேரமே இருக்காது. ரியர் வீல் டிரைவ் ஆசைக்கும் அதே பதில்தான். டிஃபரன்ஷியல் (ரெண்டு பின்சக்கரத்துக்கும் பவரைப் பிரிக்கிற பாகம்) ஓப்பன் வகை, வளைவில் உள்பக்கச் சக்கரம் எழும்பி வெறுமனே சுத்தும், ஜிப்சி இன்ஜினோட 80 குதிரையும் அதில் போயிடும்.

எதைக் கழற்றணும்னா மேல இருக்கிறதைக் கழற்றுங்க. கூரை உள்துணி, கூரை கேரியர், பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட். மேலே எடுக்கிற ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கும், தரையோடு இருக்கிறதை எடுத்தா அது மேலதான் போகுங்க.

ஆம்னி_அன்பு:
லோகு அண்ணா, இது நான் யோசிக்காத கோணம். ஆனால் இப்போதே கேட்டுவிடுகிறேன்: 60 செமீ என்று வாத்தியார் வைத்துக்கொண்டது ஊகம்தானே? உண்மையில் 52 ஆக இருந்தால் மொத்தப் பயமும் பாதியாகிவிடும் இல்லையா?

கணக்கு_வாத்தியார்:
ஊகம்தான் தம்பி. அளந்துவிடலாம். உங்கள் ஊரில் பேல் (துணி மூட்டை) எடை போடும் பிளாட்பார்ம் தராசு எல்லா கோடவுனிலும் இருக்குமே, இரண்டு கேட்டு வாங்குங்கள். லாரி எடைமேடை வேண்டாம், அதில் 10 கிலோ இப்படி அப்படி காட்டும். ஸ்பிரிங் அமுங்காதபடி மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். முன்சக்கரங்களைத் தராசில் ஏற்றி, வண்டி சமமாக இருக்கும்போது ஒரு எடை. அப்புறம் பின்பக்கத்தை ஜாக்கியில் அரை மீட்டர் தூக்கி மறுபடி ஒரு எடை. தூக்கும்போது கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கணும், வண்டி உருளாமல் பக்கத்தில் ஆள் நிற்கணும். ஆம்னி காலி எடை 785 கிலோ என்று வைத்தால், முன்னால் சுமார் 40 கிலோ கூடினால் மையம் 60 செமீயில் இருக்கிறது. 30 கிலோதான் கூடியது என்றால் 52 பக்கம். அப்புறம் நீங்களும் சீட்டில் உட்கார்ந்து ஒருதரம் எடுங்கள். ஆள் ஏறினால் மையம் மேலேதான் போகும்.

ஆர்சி_ரமேஷ் (ஈரோடு):
கணக்கு நடக்கட்டும், சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ வந்தது: அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. 1.3 இன்ஜின் போட்ட ஆம்னியைத் திருப்பூரிலிருந்து செட்டிபாளையம் வரை ஓட்டிக்கொண்டு போனால், டிராக் வாசலைத் தொடுவதற்கு முன்பே குற்றம் முடிந்துவிட்டது. இன்ஷூரன்ஸும் ரேஸ், வேகச் சோதனை என்றால் கைவிரித்துவிடும், பாலிசியிலேயே எழுதியிருக்கும். டிராக்குக்குள்ளே என்ன ஆனாலும் உங்கள் பணம்தான்.

ஈகோ_சிவா:
ரமேஷ் சார், ஊர் முழுக்க ஹாரனை மாத்தி, சைலன்சரை அறுத்து ஓட்டுறான். ஆம்னிக்காரனைத்தான் பிடிக்கப் போறாங்களா?

ஆர்சி_ரமேஷ்:
ஊரில் எல்லாரும் செய்வது வேறு, விபத்து நடந்து நீதிமன்றத்தில் நிற்பது வேறு சிவா. சாலையில் ஒருவர் மேல் மோதினால் மூன்றாம் நபர் நஷ்டஈடு பிரச்சினை வரும். மாற்ற வேண்டுமென்றால் ஆர்சியை சரண்டர் பண்ணிவிட்டு, டிராக் வண்டியாகவே வைத்து, பிளாட்பெட் டோ லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இன்ஜினைத் தொடாதீர்கள்.

ஆம்னி_அன்பு:
சரி, இன்ஜின் வேண்டாம். அப்படியே 796 சிசியில் போகிறேன். 35 குதிரை. யாரும் சந்தோஷப்பட மாட்டீர்கள் என்று தெரியும்.

லோகு_பட்டறை:
நான் சந்தோஷப்படறேனுங்க. இப்ப பிரேக்குக்குக் காசு இருக்கும். முதலில் நல்ல பிரேக் பேட், டாட் 4 பிரேக் ஆயில் புதுசா. பழைய ஆயிலில் ஈரம் ஏறியிருக்கும், கொதிநிலை ரொம்பக் குறைஞ்சிருக்கும், நாலாவது சுத்துல பெடல் தரையைத் தொடும். அப்புறம் ஸ்டீல் ரிம்மைக் கழற்றி விரிசல் இருக்கான்னு நல்லாப் பாருங்க. பழைய வண்டி, சரக்கு வண்டி, நட்டு ஓட்டையைச் சுத்தி வெடிச்சிருக்கும். டிராக்கில் பக்கவாட்டு பாரம் வரும்போதுதான் அது உடையும்.

ஓட்டுநர் சீட்டைத் தூக்கினா இன்ஜின் தெரியும். அங்கே கை வைக்கப் போறீங்கன்னா அந்த மூடியோட ரப்பரை மாத்துங்க. நாலு சுத்து போட்டதுக்கு அப்புறம் சீட்டு அடியில் வர்ற சூட்டில் தொடையே சுடும். அது கிழிஞ்சிருந்தா உள்ளே கருகின ஆயில் வாசமும் புகையும் வேற.

வண்டியைத் தாழ்த்தணும்னா பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டையோட வளைவைக் குறைக்கலாம், முன்னால் சரியான குட்டை ஸ்பிரிங். வெட்டின ஸ்பிரிங் மட்டும் வேண்டாங்க. 5 செமீக்கு மேல இறக்கினா நடு வளைவில் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் அமுங்குற கடைசி எல்லையில் இருக்கிற ரப்பர்) இடிக்கும், அந்த இடியில்தான் வண்டி தாவும்.

பிட்லேன்_பரணி:
லோகு சொல்வதெல்லாம் சரி. ஆனால் கவிழ்ந்தால் அந்தக் கூரை என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லையே. ரோல் கேஜ் (கவிழ்ந்தாலும் கூரை அமுங்காமல் தாங்கும் குழாய்க் கூண்டு) இல்லாமல் ஆம்னியில் ஏறுவது எனக்கு ஒப்பவில்லை. அன்பு, கேஜ் போடாமல் நான்கு முனை பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். கூரை அமுங்கும்போது சாதா பெல்ட்டில் உடம்பு சாயும், நான்கு முனை பெல்ட் உங்களை நிமிர்த்தியே பிடித்திருக்கும், தலையும் கழுத்தும் அகப்பட்டுக்கொள்ளும். கேஜ் இருந்தால் பெல்ட், இல்லாவிட்டால் கம்பெனி பெல்ட்.

ஈகோ_சிவா:
கேஜ் போட்டால் எடை மேலே கூடுதே? லோகு அண்ணன் சொன்ன கணக்குக்கு எதிராகாதா? இப்ப யாரை நம்புறது?

லோகு_பட்டறை:
கூடுங்க. கேஜோட கூரைக்குழாயும் எடைதான். ஆனா சீட்டைத் தாழ்த்துங்க, அதில் திரும்ப எடுக்கலாம். இன்ஜின் மூடி இடிக்கும் வரைக்கும் பக்கெட் சீட்டை இறக்கினா, 75 கிலோ ஆள் சில செமீ கீழே வருவார். தலைக்கும் கேஜுக்கும் இடைவெளியும் கிடைக்கும், ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து பார்த்து அப்புறம் குழாய் வெல்டிங் பண்ணுங்க. பலபேர் கேஜைப் போட்டுட்டு ஹெல்மெட்டோட ஏறப் பார்ப்பாங்க.

கணக்கு_வாத்தியார்:
அதைத்தான் சொல்கிறேன், கேஜ் போட்ட பிறகும் ஒருமுறை எடை எடுங்கள். விடை 1-க்குக் கீழே போனால் எந்த டயர் போட்டாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஆம்னி_அன்பு:
முடிவு: ஜிப்சி இன்ஜின் இல்லை, செமி ஸ்லிக் இல்லை, 12 இன்ச் எல்டி டயரே. பிரேக், சீட்டு, கேஜ், அப்புறம் எடை. தராசு ஓனர் பேல் அனுப்பும் நாளில் தரமாட்டேன் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பரணி அண்ணே, கேஜ் விலையைக் கேட்டால் வண்டி விலையைவிட அதிகமாக இருக்கும் போலிருக்கிறது.

பிட்லேன்_பரணி:
அதனால்தான் முதலிலேயே ஜென் என்றேன். தராசு எண் வந்ததும் இங்கே போடுங்கள். 1-க்குக் கீழே வந்தால், எனக்குத் தெரிந்தவரிடம் ஒரு 2003 ஜென் இருக்கிறது. எஃப்சி முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, டிராக்குக்கு மட்டும்தான் ஆகும். விலை பேசித் தருகிறேன், கமிஷன் வேண்டாம்.