புதுப்பிப்பு: ஹக்கோனேயா, கினோசாகியா?

போன மாதம் ஜப்பானில் வெந்நீர் ஊற்று உள்ள ரியோகானுக்கு (பாரம்பரிய விடுதி) ஹக்கோனே ஊர் நல்லதா, கினோசாகி ஊர் நல்லதா என்று கேட்டிருந்தேன். கடைசியில் கினோசாகிதான். கியோத்தோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்.

அங்குள்ள 7 பொதுக் குளியல் கூடங்களுக்காகவே போனேன். ரியோகானில் தங்குபவர்களுக்கு அவை இலவசம். மாலையானால் யுகாத்தாவும் (மெல்லிய பருத்தி அங்கி) மரச்செருப்புமாக ஊரே டக்டக்கென்று தெருவில் நடக்கிறது! என் கையில் பச்சை குத்தியிருக்கிறதே, உள்ளே விடமாட்டார்களோ என்று பயந்தேன், இங்கே தடையில்லை. துணியில்லாமல் இறங்கும் கூச்சமும் ஐந்து நிமிடம்தான்.

சறுக்கியது சாப்பாட்டில். மனைவி சைவம் என்று முன்பதிவிலேயே எழுதியும் சூப்பில் மீன் வாசம். காய்கறி சூப்புக்கும் அடிப்படை பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் போட்ட தாஷி என்ற சாறுதான். அதனால் "மீன் தாஷியும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ரியோகான் கட்டணம் அறைக்கல்ல, தலைக்கு.