6301 வீல் பேரிங்: பாதி விலையில கிடைக்கறது ஒரிஜினலா?

பூக்கட்டு_வண்டி:
பின்வீல் பேரிங் போயிருச்சு. கழட்டுனதுல 6301 2ஆர்எஸ் (ரெண்டு பக்கமும் ரப்பர் சீல்)னு இருக்கு. தினமும் உசிலம்பட்டியில இருந்து மாட்டுத்தாவணிக்கு ஈரப் பூ மூட்டை ஏத்துற பைக். மதுரையில ரெண்டு கடையில ஒரே கம்பெனி பேர்ல ஒண்ணு முழு விலை, ஒண்ணு பாதி விலை. வெளிநாட்டுக் கம்பெனி, ஆனா பெட்டியில மேட் இன் இந்தியா. கையில ஆட்டுனா லேசா லூஸ் வேற. எதைப் பார்த்து வாங்கணும்?

லேத்_மேடை:
மேட் இன் இந்தியான்னா டூப்ளிகேட்னு அர்த்தம் இல்லண்ணே. வெளிநாட்டு பேரிங் கம்பெனிகள்ல எஸ்கேஎஃப்புக்கு புனேயிலயும், எஃப்ஏஜிக்கு வதோதராவுலயும் ஃபேக்டரி இருக்கு. பெட்டியில இருக்கற நாடும், நம்பரும், கடைசி எழுத்து வரைக்கும் வளையத்துல இருக்கறதோட ஒத்துப்போகணும். இறக்குமதிச் சரக்குன்னா இறக்குமதி செஞ்சவர் பேர், முகவரி, மாசம், வருஷம், எம்ஆர்பி ஒட்டியிருக்கணும்.

பஞ்சுல தின்னர் தொட்டு எழுத்து மேல தேய்ங்க. அழிஞ்சா திருப்பிக் குடுத்துருங்க. அழியலைன்னாலும் முழுசா நம்பாதீங்க, டூப்ளிகேட்காரங்களும் லேசர்ல பொறிக்கறாங்க. பழசைக் கழுவி பாலிஷ் போட்டு விக்கறதும் உண்டு: வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா வளையத்து முகத்துல எமரித்தாள் கோடும், புது எழுத்துக்கு அடியில பழைய எழுத்தோட நிழலும் தெரியும். எஃப்ஏஜி பெட்டிக்கு, அதோட தாய்க் கம்பெனி ஷேஃப்ளரோட ஆரிஜின்செக் ஆப்ல பெட்டி மேல இருக்கற கோட்-ஐ ஸ்கேன் பண்ணலாம்.

மைக்ரான்:
லூஸுக்குப் பயப்படாதீங்க. நம்பருக்குப் பின்னாடி சி3 இருந்தா குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவுல இடைவெளி கூடுதலா வச்சே செய்யறாங்க. 6301-க்கு 11-ல இருந்து 25 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு). பக்கவாட்டுல ஆட்டும்போது அது பெருசாத் தெரியும். மெதுவாச் சுத்திப் பாருங்க, நறநறப்பு இருக்கவே கூடாது. ரப்பர் சீல் போட்டது பம்பரம் மாதிரி நிக்காம சுத்துனாலும் சந்தேகம்தான்: கிரீஸ் இல்ல, இல்லன்னா சீல் உரசவே இல்ல.

அளவு: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. வெளிவிட்டம் 37-ஐத் தாண்டக் கூடாது, குறைஞ்சா 0.011 மி.மீ. வரைக்கும்தான். வெர்னியர்ல இது பிடிபடாது, மைக்ரோமீட்டர் வேணும். அதுக்கும் கீழ போனா வளையம் ஹப்புக்குள்ளயே (வீலோட நடுக்குடம்) சுத்தி அலுமினியத்தைத் தின்னுரும், அப்புறம் பேரிங் விலை இல்ல, ஹப் விலை. ஈர மூட்டைங்கறதால தகரமூடி இசட்இசட் வாங்காதீங்க, 2ஆர்எஸ் மட்டும்.

ஹப்_காலர்:
ஒரிஜினலே போட்டாலும் மாட்டுறதுல கெட்டுப்போகும். உள்வளையத்துல சுத்தியல் பட்டா குண்டு அழுந்தி அது ஓடுற பாதையில பள்ளம் விழுந்துரும், அன்னைக்கே ஊளை ஆரம்பிக்கும். வெளிவளையத்துல மட்டும் உட்கார்ற சாக்கெட்டை வச்சு நேரா இறக்குங்க. ஹப்பைக் கொதிதண்ணி சூட்டுக்குக் கொண்டுவந்தா பாதி அடி மிச்சம்.

முதல் பேரிங் அடிவரைக்கும் போகட்டும். நடுக் காலரை (ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல வர்ற குழாய்) போட்டுட்டு, ரெண்டாவதை உள்வளையம் காலரைத் தொட்டதும் நிறுத்திருங்க. காலரை மறந்தாலோ, தேஞ்சு குட்டையாப் போயிருந்தாலோ, ஆக்சில் நட்டை முறுக்கும்போது ரெண்டு உள்வளையமும் உள்பக்கம் இழுபட்டு சூடேறும். நட்டை முறுக்குனதும் சங்கிலியைக் கழட்டிட்டு வீலைக் கையால சுத்துங்க. பிரேக் உரசாம இருந்தும் இறுகுனா காலரை மாத்தாம வண்டியை எடுக்காதீங்க.