நம்பிக்கை போன பிறகும் வழிபாட்டுக்குப் போகிறவர்

மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதத்தைக் கீழ்ப்படியிலும் ஆன்மிகத்தை மேல்படியிலும் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரணம், என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா.

மகனை விபத்தில் பறிகொடுத்தவர். அதோடு கடவுள் நம்பிக்கை அவருக்கு அற்றுப்போய்விட்டது, அதை யாரிடமும் மறைக்கவும் மாட்டார். ஆனால் வாராவாரம் வழிபாட்டுக்குப் போவார், கூட்டத்தோடு உட்கார்ந்து எல்லாரும் சொல்வதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவார். நம்பிக்கைதான் இல்லையே, அப்புறம் ஏன் அக்கா போறீங்க என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவன் போனப்ப மாசக்கணக்கா என்னைத் தனியா விடாம பார்த்துக்கிட்டவங்க அவங்க. சாமி போயிட்டாரு, அவங்க போகலையே" என்றார். அந்தக் கூட்டத்தில் வேறு யார் வீட்டிலாவது பிள்ளை இறந்தால் முதலில் போய் நிற்பது இவர்தான். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்ல மாட்டார், அந்தத் தாய் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மதம் இருக்கிறது, பக்தி இல்லை, ஆன்மிகம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் நான் பார்த்தவர்களில் ஆன்மிகத்துக்கு மிக நெருக்கமானவர் என்று அவரைத்தான் சொல்வேன்.

அன்னை தெரசா 1997-ல் மறைந்தார். 2007-ல் வெளிவந்த அவருடைய கடிதங்களைப் பார்த்தால், கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், நடுவில் கொஞ்ச காலம் தவிர, கடவுள் கூட இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்று தெரிகிறது. அந்த வெறுமையோடுதான் ஜெபம் செய்தார், சாகக் கிடந்தவர்களைக் கவனித்தார். இதை வேஷம் என்று சொன்னவர்களும் உண்டு, எனக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. உள்ளே பொங்கி வரும் உணர்வுதான் ஆன்மிகம் என்றால் அவருக்கு ஆன்மிகமே இல்லை என்றாகிவிடும்.

உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-ல் ஒரு கட்டுரையில், மதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறவர், மதத்தை வாழ்கிறவர் என்று இரண்டு விதமாகப் பிரித்தார்கள். அந்தஸ்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் மதத்தைப் பிடித்துக்கொள்வது முதல் வகை. என்னைக் கேட்டால் தியானத்துக்கும் இந்தப் பிரிவு அப்படியே பொருந்தும்.

எந்த மதமும் எனக்கு வேண்டாம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் தினமும் தவறாமல் தியானம் செய்கிறார். நிஜமாகவே நிதானமானவர், அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை முழுக்கத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டார், பக்கத்தில் இருந்தால் மனசு கலங்குகிறதாம். கலங்கட்டுமே என்று நேராகவே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று இப்போது தம்பிக்குத்தான் போன் செய்து விசாரிக்கிறேன்.