சரியாக அடித்தாலும் ‘தவறு’ என்கிறது: ஓடிபி, பாஸ்வேர்டு அனுபவங்கள்

வேறொருவர் எழுதிய தளத்தைப் பராமரிக்க எடுத்தபோது கூடவே வந்த புகார்: “ஓடிபி சரியாகத்தான் போடுகிறேன், ஏற்கவில்லை.” எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். அவர்களுக்கும் மறுபடி வாங்கினால் பெரும்பாலும் வேலை செய்துவிடும். புகார் சொன்னவர்களிடம் வந்த குறியீடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கின. டேட்டாபேஸில் அந்த ஃபீல்டு இன்டிஜர், அதாவது முழு எண்! 048213 உள்ளே போனதும் 48213 ஆகிவிடும். பத்தில் ஒரு குறியீடு இப்படி அடிபடும். ஓடிபியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அதை எழுத்துச்சரமாகவே வைத்தால் போதும்.

இன்னொன்றுதான் ஆளைச் சுற்றவைத்தது. ஒரு பயனர் தமிழிலேயே பாஸ்வேர்டு வைத்திருந்தார். போனில் லாகின் ஆகிறது, கம்ப்யூட்டரில் ஆகவில்லை. ஒரு சோதனைக் கணக்கில் அதேபோல் தமிழில் அடித்து, சர்வருக்கு வரும் பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரம்) ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு கீபோர்டு அப்படி அனுப்புகிறது, இன்னொன்று இப்படி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. சர்வர் சேமித்து ஒப்பிடுவதோ பாஸ்வேர்டை அல்ல, அதிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற சரத்தை; அதற்கு ஒரு பைட் மாறினாலே எல்லாம் போச்சு.

பதிவு செய்யும்போதும் சரிபார்க்கும்போதும், ஹேஷ் போடுவதற்கு முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றினோம். சரி, ஏற்கெனவே சேமித்த ஹேஷ்கள்? புது வடிவம் பொருந்தாவிட்டால் பயனர் அடித்ததை அப்படியே ஒருமுறை சோதித்து, பொருந்தினால் அங்கேயே புது ஹேஷை எழுதிவிடும்படி செய்தோம். (தமிழ்ப் பாஸ்வேர்டு வைப்பவர்கள் கவனிக்க: பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறை 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 24 குறிதான் கணக்கு. உயிர்மெய்யில் பலவும் இரண்டு குறிகள்.)

*

(இன்னொருவர்) எங்கள் இடத்தில் நடந்தது இதைவிடச் சப்பை. பிஎச்பியில் பிகிரிப்ட் ஹேஷ் 60 எழுத்து வரும், டேபிளில் ஒதுக்கியிருந்தது 50. பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அமைப்பு, மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. பதிவு எல்லோருக்கும் வெற்றி, லாகின் ஒருவருக்கும் இல்லை. 255 வைத்துவிடுங்கள், நாளை அல்காரிதம் மாறினாலும் தாங்கும்.

*

(மூன்றாமவர்) முதலில் எழுதியவருக்கு: அந்த ஓடிபி டேட்டாபேஸில் ஹேஷ் போடாமல் பச்சையாகவே கிடந்திருக்கிறது, அதையும் கவனித்தீர்களா? வெறும் ஷா-256 ஹேஷ் போட்டாலும் பயனில்லை. ஆறு இலக்கத்துக்கு மொத்தமே 10 லட்சம் வாய்ப்புகள், சாதாரணக் கம்ப்யூட்டரே கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுவிடும். நாங்கள் எச்மேக் (ரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்துப் போடும் ஹேஷ்) பயன்படுத்துகிறோம், அந்தச் சாவி டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் காலாவதி, ஐந்து தவறுக்கு மேல் அந்தக் குறியீடே ரத்து. அப்புறம், ஒருமுறை பொருந்தியதும் அதை உடனே அழித்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.