பயிற்சியாளரை மாற்றச் சொன்னவரின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்

மேடிசன், விஸ்கான்சின்

2014 இலையுதிர் காலத்தில் மேற்படிப்புக்காக மேடிசன் வந்தேன். ஐஸ் ஹாக்கியைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் கையில் ஒரு டிக்கெட்டைத் திணித்தார். "பக்கத்து இருக்கையில் என் அப்பா இருப்பார், அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பயிற்சியாளர் போகும்வரை நான் அந்த அரங்குக்குள் காலடி வைக்க மாட்டேன்" என்றார். ஒரு கல்லூரி அணிக்காக இவ்வளவு கோபமா என்று திகைத்துப் போனேன்.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. வெளுத்துப்போன சிவப்புக் கம்பளிக் குல்லாய், மடியில் ஒரு நோட்டு, காதில் செருகிய பென்சில். யார் கோல் அடித்தார், யார் பந்து கொடுத்தார் (ஐஸ் ஹாக்கியில் அது பந்தல்ல, 'பக்' எனும் ரப்பர் வட்டு), எந்த நிமிடத்தில் என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைப்பார். எதிரணியின் கோலையும் அதே பொறுமையோடு, அதே கையெழுத்தில் எழுதுவார். அந்தப் பருவத்தில் எதிரணியின் பக்கம்தான் நிரம்பிக்கொண்டே போனது. விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி ஆடிய 35 ஆட்டங்களில் வெற்றி 4, தோல்வி 26, சமன் 5. பதினைந்தாயிரம் பேர் உட்காரக்கூடிய கோல் சென்டர் அரங்கில் மேல் அடுக்கு வெறிச்சோடிக் கிடக்கும். மாணவர்கள் மட்டும் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து "சல்லடை, சல்லடை" என்று தொண்டை வற்றக் கத்துவார்கள்.

எங்கள் வரிசையில் தினமும் ஒரே பேச்சுதான். பயிற்சியாளர் மைக் ஈவ்ஸை நீக்க வேண்டுமா, வேண்டாமா? முன்னால் உட்கார்ந்திருந்த தம்பதியில் கணவர் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி. பெரியவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். இடைவேளையில் என்னிடம் மட்டும் மெல்லச் சொல்வார்.

அவர் சொன்ன கதையை இங்கே எழுதியே ஆக வேண்டும். விஸ்கான்சின் ஹாக்கிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பாப் ஜான்சன். 1973, 1977, 1981 என்று மூன்று தேசியப் பட்டங்கள். அவருக்குப் பின் வந்த ஜெஃப் சாவர் 1983இலும் 1990இலும் வென்றார். சாவர் 2002இல் ஓய்வு பெற்றபோது, பாப் ஜான்சனின் மகன் மார்க் அந்தப் பதவிக்கு வருவார் என்று ஊரில் பலர் எதிர்பார்த்தார்கள். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியைத் தோற்கடித்த அமெரிக்க அணியில் ஆடியவர், சாவரிடம் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். பதவி ஈவ்ஸுக்குப் போனது. மார்க் ஜான்சன் அதே ஆண்டில் பெண்கள் அணியின் பயிற்சியாளரானார்.

"அன்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்" என்றார் பெரியவர். "2006இல் ஈவ்ஸ் கோப்பையைக் கொண்டுவந்து என் வாயை அடைத்தார். அதே வருடம் மார்க்கின் பெண்களும் கோப்பை வென்றார்கள். இரண்டு கோப்பையும் ஒரே ஊரில். அதிலிருந்து நான் யாரையும் நீக்கச் சொல்வதில்லை." அந்த வருடத்து நோட்டை வீட்டில் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒருமுறை எனக்குப் பிரித்துக் காட்டினார். மில்வாக்கியில் நடந்த இறுதி ஆட்டம், பாஸ்டன் காலேஜுக்கு எதிராக 2-1. கடைசி வரியில் பென்சில் அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

2016 மார்ச்சில் ஈவ்ஸை நீக்கினார்கள். பழைய மாணவர், என்.ஹெச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) நட்சத்திரம் டோனி கிரனாட்டோ வந்தார். மகனும் உடனே வந்துவிட்டார், நான் இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் கிரனாட்டோவுக்கு இல்லை என்பதை அன்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஈவ்ஸும் பழைய மாணவர்தான், 1977 பட்டத்தின்போது அணித் தலைவர். இரண்டு முறையும் 'நம் வீட்டுப் பிள்ளை' என்ற பாசம்தான் முதலில் பேசியது. பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் ஜனவரிக் குளிரில் யார் வந்து வரிசையில் நிற்பார்கள்? ஆனால் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களைத் தேடிப் பிடித்து, நான்கு வருடத்தில் உருவாக்கி, ஒவ்வொரு வசந்தத்திலும் சிலரைத் தொழில்முறை அணிகளுக்குப் பறிகொடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது தனி வேலை. என்.ஹெச்.எல்.லில் நன்றாக ஆடியவர் அதையும் நன்றாகச் செய்வார் என்று எப்படி நம்பினோம்?

கிரனாட்டோவுக்கு ஒரே ஒரு நல்ல பருவம் அமைந்தது, 2020-21. கோல் காஃபீல்ட் என்ற இளைஞர் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கினார், அணி ஆடும் பிக் டென் லீக்கில் முதலிடம். கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஐந்து வருடம் காத்திருந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார் பெரியவர். நோட்டில் எழுதினாராம், ஆனால் எழுத்து ஓடவில்லையாம். தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே பெமிட்ஜி ஸ்டேட்டிடம் 6-3 என்று தோற்றார்கள். பிறகு இரண்டே வருடம். 2023 மார்ச்சில் கிரனாட்டோவும் போனார். ஏழு பருவங்களில் 105 வெற்றி, 129 தோல்வி, 16 சமன். அதற்குள் மகன் மறுபடி கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டதால் நான் மறுபடி அந்த இருக்கையில் இருந்தேன்.

அடுத்து வந்தவர் மைக் ஹேஸ்டிங்ஸ். விஸ்கான்சினில் படித்தவர் அல்ல, இங்கே ஆடியவரும் அல்ல. மின்னசோட்டா ஸ்டேட் மன்கேட்டோ பல்கலைக்கழகத்தில் பதினொரு பருவம் வேலை செய்து காட்டியவர். முதல் பருவத்திலேயே 26 வெற்றி. முந்தைய ஆண்டே அணியில் இருந்த கோல்கீப்பர் கைல் மெக்லெலன், நாட்டின் சிறந்த கல்லூரி கோல்கீப்பருக்கான விருதை வாங்கினார். தேசியப் போட்டியில் குவினிபியாக்கிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள், அது வேறு விஷயம். அடுத்த பருவம் மறுபடி சரிந்து 13 வெற்றியில் நின்றது, உடனே அதே கூச்சல் எழுந்தது. இரண்டு வருடத்தில் ஒருவரை அளந்துவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பதவி கிடைக்காத மார்க் ஜான்சன் 2025 வரை பெண்கள் அணிக்கு எட்டு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்திருக்கிறார். பெரியவர் இப்போது அந்த ஆட்டங்களுக்கும் தனி நோட்டு போட்டிருக்கிறார்.

ஹேஸ்டிங்ஸ் வந்த முதல் அக்டோபரில் மகன் திரும்பி வந்தார். எனக்கு நான்கு வரிசை பின்னால் சொந்த டிக்கெட். அங்கிருந்து பார்த்தால் குல்லாய் தெரியும், நோட்டு தெரியாது.


மன்கேட்டோ, மின்னசோட்டா

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2023இல் ஹேஸ்டிங்ஸ் எங்களை விட்டு உங்களிடம் வருகிறார் என்று தெரிந்தபோது எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

நான் முடி வெட்டப் போகும் கடை ஹாக்கி அரங்கிலிருந்து நடந்து போகும் தூரம். கடைக்காரர் ஊதாவும் பொன்னிறமும் கலந்த சட்டையில்தான் எப்போதும் இருப்பார். செய்தி வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தொலைபேசி ஒலித்தது. பார்த்தார், கத்தரிக்கோலை மேசை மேல் வைத்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி நின்றார். என் தலை பாதிதான் முடிந்திருந்தது.

ஹேஸ்டிங்ஸ் வருவதற்கு முன், முதல் பிரிவுத் தேசியப் போட்டியில் எங்களுக்கு ஒரு வெற்றிகூட கிடையாது. அவரிடமும் முதலில் வரிசையாகத் தோல்விதான். யாரும் நீக்கச் சொல்லவில்லை, பொறுத்துக்கொண்டார்கள். 2021இல்தான் முதல் வெற்றி, அதே வருடம் கடைசி நால்வரில் இடம். 2022இல் பாஸ்டனில் இறுதி ஆட்டம். கடைக்காரர் மனைவியோடு போயிருந்தார். இரண்டு பகுதி முடிந்தபோது 1-0 என்று நாங்கள் முன்னால். இன்னும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் டென்வர் ஐந்து கோல் போட்டது. "அன்றுகூட நான் அவரைக் குறை சொல்லவில்லை. இன்று எப்படிச் சொல்வேன்? பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் போவார்கள்" என்றார். ஆனால் சில ஆட்டக்காரர்களும் அவர் பின்னால் மேடிசனுக்குப் போனபோதுதான் அவருக்கு உண்மையிலேயே வலித்தது. பெயர் பெயராகச் சொல்லி விரல் விட்டு எண்ணினார்.

உங்கள் ஊரில் நீக்குவதைப் பற்றிப் பேசும்போது, வரப்போகிறவர் எந்த ஊரிலிருந்து எடுக்கப்படுகிறார் என்று யாராவது பேசினார்களா? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்கத் தோன்றியது.

எங்களுக்கு லூக் ஸ்ட்ராண்ட் வந்தார். 2025இல் லீக் பட்டத்தையும் வாங்கி, தேசியப் போட்டிக்கும் அழைத்துப் போனார். அங்கே வெஸ்டர்ன் மிச்சிகனோடு இரண்டாம் கூடுதல் நேரம் வரை போராடித்தான் தோற்றார்கள். அந்த வெஸ்டர்ன் மிச்சிகன்தான் பிறகு கோப்பையை வென்றது. கடைச் சுவரில் ஹேஸ்டிங்ஸ் படம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஸ்ட்ராண்ட் படமும் ஏறிவிட்டது.


கிராண்ட் ஃபோர்க்ஸ், வடக்கு டகோட்டா

சுருக்கமாக எழுதுகிறேன். என் அலுவலகத்தில் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். இங்குள்ள வடக்கு டகோட்டா பல்கலைக்கழக ஹாக்கி அணியின் பயிற்சியாளர் பிராட் பெரியை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பெரி தலைமைப் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே, 2016இல், தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். 2000க்குப் பிறகு ஊர் காத்திருந்த பட்டம். ஆனால் அதன் பின் தேசியப் பட்டம் கைகூடவில்லை. 2020இல் முன்னணியில் இருந்தும், கொரோனாவால் தேசியப் போட்டியே நடக்கவில்லை. 2021இல் மின்னசோட்டா டுலூத்துக்கு எதிராக ஐந்து கூடுதல் நேரம் ஆடித் தோற்றார்கள். அந்த அம்மா விடிய விடிய விழித்திருந்து மறுநாள் கண் சிவக்க வேலைக்கு வந்தார்.

2025 மார்ச்சில் பெரியை நீக்கிய செய்தி வந்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்து அவருடைய மேசைக்குப் போனேன். வெள்ளைத் தாளில் கையால் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், பெரிக்கு. 2016க்கு நன்றி என்று முதல் வரி. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. மதிய இடைவேளையில் பனிச்சேற்றில் நடந்துபோய் உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அடுத்து யாராம்?" என்று கேட்டார்.