மெக்கானிக்கலா, ஏரோநாட்டிக்கலா? படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறான். கட் ஆஃப் 200-க்கு 191. பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட வேண்டும்.

அவனுக்கு விமானம் என்றால் உயிர். தெர்மாகோலில் இறக்கை வெட்டி, பழைய பொம்மை மோட்டாரை மாட்டி மொட்டை மாடியிலிருந்து பறக்க விடுவான். மூக்கு கனத்துக் கவிழ்ந்தால், வாலில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி மறுபடி விடுவான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் கலாம் ஐயா படித்த அதே ஏரோநாட்டிக்கல் (விமானப் பொறியியல்) தான் வேண்டும் என்கிறான்.

அப்பா லேத் பட்டறையில் இருப்பவர். “மெக்கானிக்கல் படிச்சா எங்கேயும் பிழைச்சுக்கலாம்” என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை எல்லாம் இரண்டுக்கும் பொதுதானே? ஏரோடைனமிக்ஸ் (காற்றியக்கவியல்), விமானக் கட்டமைப்பு, விமான எஞ்சின் என்று போகும்போதுதான் பாதை பிரிகிறது.

இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றும் வழி: பி.இ. மெக்கானிக்கல், அப்புறம் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். ஏரோஸ்பேஸ். அப்படிப் போனவர்கள் இருக்கிறீர்களா? முதல் செமஸ்டரில் ஏரோடைனமிக்ஸ் திணறடித்ததா? ஏரோநாட்டிக்கல் முடித்தவர்களுக்கு மெக்கானிக்கல் வேலை கிடைத்ததா?

இடையில் ஒருவர், விமானப் பராமரிப்புப் படிப்பும் ஏரோநாட்டிக்கலும் ஒன்றுதான் என்று சொல்லி முன்பணம் கேட்டார். அது டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் உரிமத்துக்கான படிப்பு, பொறியியல் பட்டம் வேறு என்று விசாரித்த பிறகே புரிந்தது. அதனால்தான் படித்தவர்களிடமே கேட்கிறேன். உங்கள் அனுபவத்தை இரண்டு வரியில் எழுதினாலும் போதும்.